கரையில் நின்று பார்த்த கப்பல்

(தஞ்சாவூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



தஞ்சைக்கு வந்து நெல்லைப் பேசாமல் கப்பலைப் பேசுவானேன் என்று அழைப்பிதழைப் பார்த்தவர்கள் நினைத்திருக்கலாம். இந்த மண்ணில் நெல்லையும் கப்பலையும் பிரித்துப் பேச முடியாது. முதல் உலகப் போர் முடிந்த 1918க்கும் அடுத்த போர் தொடங்கிய 1939க்கும் நடுவிலிருந்த இருபத்தோரு ஆண்டுகளில், பழைய தஞ்சை ஜில்லாவின் கிழக்கு வாசலாக நாகப்பட்டினம் இருந்தது. இந்த மண்ணில் விளைந்த அரிசி அந்த வாசல் வழியாக இலங்கைக்குப் போனது. விளைவித்தவர்களில் நிலமில்லாதவர்கள் அதே வாசல் வழியாகப் பினாங்குக்குப் போனார்கள். பின்னர் சயாம் அரிசி கடல் வழியாகவே வந்து இறங்கி, இங்கே நெல் விலையைச் சாய்த்தது.

இதே ஆண்டுகளில்தான் தமிழ்ப் பத்திரிகைத் தொழிலும் வளர்ந்தது. நாளிதழ், வார இதழ், மாத இதழ் என்று அச்சுக்கூடங்கள் ஓயாமல் ஓடின. அவற்றில் கப்பல் எப்படித் தோன்றியது என்பதே இன்றைய பொருள். இவ்வுரை வைக்கும் கருத்து ஒன்றுதான். அக்காலத் தமிழ் இதழ்கள் கப்பலைப் பற்றிக் குறைவாக எழுதவில்லை. ஆனால் பெரும்பாலும் கரையில் நின்றே எழுதின. யார் ஏறினார்கள், என்ன இறங்கியது, கப்பலுக்கு உடைமையாளர் யார் என்று கேட்டன. கப்பலுக்குள் மனிதர்கள் எப்படி நாளைக் கழித்தார்கள், அதை ஓட்டியவர்கள் யார் என்பவை அச்சேறாமல் போய்விட்டன. இதை ஆறு கூறாகப் பிரித்துச் சொல்கிறேன்.

1. கப்பலில் போன காகிதம்

இதழ்களை நடத்தியவர்களிடமிருந்து தொடங்கலாம். அவர்களில் காவிரிக்கரைக்காரர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ‘இந்து’வின் நிறுவனர்களில் ஒருவரும் ‘சுதேசமித்திரன்’ இதழைத் தொடங்கியவருமான ஜி. சுப்பிரமணிய ஐயர் திருவையாற்றில் பிறந்தவர். ‘இந்து’வை வாங்கி வளர்த்த கஸ்தூரிரங்க ஐயங்காருக்கு ஊர் கும்பகோணத்தை அடுத்த இன்னம்பூர். 1928இல் ‘ஆனந்த விகட’னை வாங்கிய எஸ்.எஸ். வாசன் திருத்துறைப்பூண்டிக்காரர். அதில் எழுதிப் புகழ்பெற்ற கல்கி, மாயவரம் பக்கத்துப் புத்தமங்கலத்தில் பிறந்தவர். ‘தாருல் இஸ்லாம்’ நடத்திய பா. தாவூத்ஷா நாச்சியார்கோவில்காரர். சிங்கப்பூரில் 1935இல் ‘தமிழ் முரசு’ தொடங்கிய கோ. சாரங்கபாணி திருவாரூரில் பிறந்து, 1924இல் சிங்கப்பூர் போனவர்.

இவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காக ஊரைவிட்டது சென்னைக்கு, ரயிலில். வயிற்றுப்பாட்டுக்காகக் கடல் கடந்தவர் சாரங்கபாணி ஒருவரே. இந்த வேறுபாட்டை நான் பெரிதாகவே கருதுகிறேன். சென்னை இதழுக்குக் கப்பல் ஒரு செய்தி. சிங்கப்பூர், கோலாலம்பூர் இதழ்களுக்கோ, வாசகரே கப்பலில் வந்து இறங்கியவர். 1924இல் கோலாலம்பூரில் நரசிம்ம ஐயங்கார் தொடங்கிய ‘தமிழ் நேச’னுக்கும் இது பொருந்தும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இதழ்களே கப்பலின் சரக்குதான். சென்னையில் அச்சான இதழ் தபால் மூட்டையில் ஏறி, வங்கக்கடலைக் கடந்து, ஒரு வாரம் பழையதாகித்தான் பினாங்கு வாசகர் கைக்குப் போகும். ரப்பர் தோட்டத்து லயங்களில் படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அந்த வாசகர்களுக்கு, கப்பல் எந்தத் தேதியில் புறப்படுகிறது, எந்தத் துறையைத் தொடுகிறது என்று சொல்லும் சிறு விளம்பரம் தலையங்கத்தைவிட முக்கியமானது. ஊரிலிருந்து கடிதம் வருவதும், தம்பி வருவதும், பெண் பார்த்துவிட்டு அண்ணன் திரும்புவதும் அந்தத் தேதியைப் பொறுத்தவை.

2. ஆள் ஏற்றிய கப்பல்

நாகப்பட்டினத்தில் நீராவிக் கப்பல் கரையை ஒட்டி நிற்காது. அது திறந்த கடல். கப்பல் ஆழமான இடத்தில் நங்கூரம் போட்டு நிற்க, கடுவையாற்று முகத்துவாரத்திலிருந்து படகுகள் ஆட்களையும் மூட்டைகளையும் சுமந்துகொண்டு போகும். கடல் கொந்தளிக்கும் ஐப்பசி, கார்த்திகையில் அந்தச் சிறிய தூரமே பெரிய கண்டம். அலை படகைத் தூக்கும் கணம் பார்த்துக் கப்பலின் ஏணியைப் பிடிக்க வேண்டும். கணம் தப்பினால் படகு கீழே இறங்கிவிடும். அடுத்த அலைக்குக் காத்திருக்க வேண்டும். கைக்குழந்தைக்காரியைக் கீழிருந்து ஒருவர் தாங்க, மேலிருந்து ஒருவர் கைகொடுத்து இழுப்பார். பிறகு பாய், தகரப் பெட்டி, துணி மூட்டை.

அந்த இடத்துக்கு வந்து சேர்வதே நீண்ட கதை. மலாயாத் தோட்டத்திலிருந்து உரிமச் சீட்டோடு ஊருக்கு வருவார் கங்காணி. பெரும்பாலும் சொந்த ஊரில், சொந்தச் சாதியில், சொந்த உறவில்தான் ஆள் கட்டுவார். கிராம முன்சீப்பின் ஒப்புதல் வேண்டும். பிறகு ரயிலேறி நாகப்பட்டினம் முகாம். அங்கே வைத்தியர் கண்ணையும் நாக்கையும் பார்ப்பார், அம்மை குத்துவார்கள். கப்பல் வரும்வரை அங்கேயே சோறு. மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்ட பிறகு, 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிப்பெயர்வுச் சட்டம் இந்த ஏற்பாட்டைக் கட்டுப்படுத்தியது. வழிச்செலவைத் தோட்ட முதலாளிகள் பணம் கட்டும் பொது நிதி ஏற்றது. 1926ஆம் ஆண்டில் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் மலாயாவில் போய் இறங்கினார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்.

அதே 1926இல்தான் பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனியின் ‘ரஜூலா’வும் ‘ரோனா’வும் கடலில் இறங்கின. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்ற பாதை இவற்றுடையது. ரஜூலா எட்டாயிரத்துச் சொச்சம் டன் கப்பல். கேபினில் இடம் மிகச் சிலருக்கே. டெக்கிலோ, தொடக்க காலத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஏற்றிச்செல்ல உரிமம் இருந்தது. உலகத்தில் வேறெந்தக் கப்பலுக்கும் அத்தனை பேரை ஏற்ற உரிமம் இருந்ததில்லை என்று கப்பல் வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். ஐயாயிரம் பேர் என்றால் நம் டெல்டாவில் இரண்டு மூன்று ஊர்கள். இரண்டு மூன்று ஊர்களை ஒரே தட்டில் படுக்கவைத்து, ஐந்தாறு நாள் கடலில் கொண்டுபோனார்கள்.

அந்த ஐந்தாறு நாள்தான் நமக்குத் தெரியாத நாள்கள். பாய் விரித்த இடமே வீடு, பெட்டியே சுவர். நம் ஊரில் சேரிக்கும் குடியானத் தெருவுக்கும் நடுவே இருந்த இடைவெளி அந்தத் தட்டில் என்ன ஆனது? ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தார்களா, வரிசை பிரித்தார்களா? கிழவிகள் எதைச் சொல்லி வாந்தியை அடக்கினார்கள்? வழியில் பிறந்த குழந்தைக்கும் வழியில் இறந்த உடலுக்கும் என்ன சடங்கு நடந்தது? இவற்றை அருகிருந்து சொல்லும் தமிழ் எழுத்து அந்த இருபது ஆண்டு இதழ்களில் மிக அரிது. டெக் பயணிகளின் அவதியை ஆராய இந்திய அரசாங்கம் அமைத்த குழுவின் அறிக்கை 1921இல் வந்தது. அது ஆங்கிலத்தில், இடப்பரப்பும் கழிப்பிடக் கணக்குமாகப் பேசியது. யாருடைய அவதியோ அவர்கள் பேசுவது அதில் இல்லை.

தமிழ் இதழ்கள் தோட்டத்துத் துயரத்தை எழுதாமல் விடவில்லை. கங்காணியின் ஆசைவார்த்தை, கடன், கள்ளுக்கடை, கூலிக் குறைப்பு எல்லாம் வந்தன. புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ 1935இல் ‘மணிக்கொடி’யில் வந்தது, இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன மருதியின் கதை. கொந்தளிக்கவைக்கும் எழுத்து அது. ஆனால் கதையின் கனம் முழுவதும் ஊரிலும் தோட்டத்திலும் விழுகிறது. இரண்டுக்கும் நடுவிலிருக்கும் கடலுக்கு இலக்கியத்தில் இடம் கிடைக்கவில்லை. பின்னாளில் ப. சிங்காரம் ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ ஆகிய நாவல்களில்தான் அந்தக் கடலைத் தமிழுக்குள் கொண்டுவந்தார்.

பொருளாதார மந்தத்தில் கப்பலின் திசையே மாறியது. ரப்பர் விலை விழுந்தது. 1930இல் ஆள் எடுப்பது நிறுத்தப்பட்டது. தோட்டங்கள் ஆட்களைத் திருப்பியனுப்பின. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அரசாங்கச் செலவில் இந்தியக் கரைக்குத் திரும்பி வந்தார்கள். வந்து இறங்கிய நேரத்தில் ஊரில் நெல்லுக்கும் விலை இல்லை. பண்ணையில் வேலை கேட்டு நின்றவர்கள் ஏற்கெனவே நிறைய. இரண்டு பக்கமும் மூடிய அந்த வாழ்க்கையை இதழ்களில் எண்ணிக்கையாகப் படிக்கிறோம்: இன்ன கப்பலில் இத்தனை பேர். பெயர் சொல்லும் ஒரு வரி வரக் காணோம்.

1936இன் இறுதியில், இந்த மண்ணின் வலங்கைமானில் பிறந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி இந்திய அரசின் சார்பில் மலாயா சென்று தொழிலாளர் நிலையைப் பார்த்தார். அவர் அறிக்கை 1937இல் வெளிவந்தது. கங்காணி மூலம் ஆள் கட்டுவதை விரும்பாத அந்த அறிக்கை, தோட்டங்களின் நிலை குறித்து மொத்தத்தில் நிறைவே காட்டியது. மலாயா இந்தியத் தலைவர்களுக்கு அது கசந்தது. அவர்கள் பக்கம்தான் நியாயம் என்பது என் கருத்து. மறுபடி கூலி குறைக்கப்பட்டபோது, 1938 ஜூன் 15ஆம் நாள் முதல், பொது நிதியின் செலவில் போகும் உதவிப் பயணத்தை இந்திய அரசு தடைசெய்தது. கங்காணியோடு வந்து தங்குவோரின் முகாம் வாழ்க்கை அத்தோடு முடிந்தது. சொந்தச் செலவில் போகிறவர்களுக்காகக் கப்பல் மட்டும் ஓடியது.

3. அரிசிக் கப்பல்

மிராசுதார்கள் படித்த இதழ்களில் கப்பல் வேறு உருவத்தில் வந்தது. 1929க்குப் பிறகு உலகச் சந்தை சரிந்தது. சயாமிலும் சைகோனிலும் மிஞ்சிய அரிசி, குறிப்பாக நொய், சென்னை மாகாணத் துறைமுகங்களில் மலிவாக வந்து இறங்கியது. கிஸ்தி கட்டவே நெல்லை விற்க வேண்டிய மிராசுதாருக்கு ஒவ்வொரு கப்பலும் ஓர் இடி. மனுக்கள், மாநாடுகள், தலையங்கங்கள் என்று குரல் எழுந்தது. மாகாணச் சட்டசபையிலிருந்து தில்லிவரை அது போனது. 1935இல் இறக்குமதியாகும் நொய்க்கு மணுவுக்குப் பன்னிரண்டு அணா வரி விழுந்தது. பர்மா அரிசியைத் தொட முடியவில்லை. 1937வரை பர்மா இந்தியாவின் ஒரு பகுதி. உள்நாட்டுச் சரக்குக்கு ஏது சுங்கம்?

1934 ஆகஸ்ட் 21ஆம் நாள் மேட்டூர் அணை திறக்கப்பட்டது. தண்ணீர் உறுதியான அதே காலத்தில் விலை உறுதியில்லாமல் போனதை எண்ணினால், டெல்டா விவசாயி கடலை ஏன் பகையாகப் பார்த்தார் என்பது விளங்கும். இந்த அரிசிக் கப்பலைக் குறித்த எழுத்து வலுவானது, விவரம் நிறைந்தது, அரசை அசைத்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அரிசிக்காகக் கொதித்த பேனா, அதே கடலில் அரிசி மூட்டையைவிட நெருக்கமாக அடுக்கப்பட்டுப் போன பண்ணையாளுக்காக அந்த அளவு கொதிக்கவில்லை. நெல் விலை குறைந்தால் மிராசுதாருக்கு நட்டம். ஆள் போனாலும் அவருக்கு நட்டம்தான். பண்ணைக்கு ஆள் கிடைக்காது. இரண்டையும் நட்டக் கணக்கில் எழுதியவர்கள் ஏறிப்போனவரின் கணக்கைப் பார்க்கவில்லை.

4. தலைவர் ஏறிய கப்பல்

கப்பலின் உட்புறத்தை வாசகர் முதன்முதலாகக் கொஞ்சம் பார்த்தது தலைவர்களின் பயணத்தால்தான்.

1929 டிசம்பரில் பெரியார், நாகம்மையார், எஸ். ராமநாதன் முதலியோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு போனார்கள். ‘குடி அரசு’ அந்தப் பயணத்தைத் தொடர்ந்து எழுதியது. அவர் மலாயாவில் இறங்கவே கூடாது என்று அங்கிருந்த வைதிகர்கள் அரசாங்கத்துக்கு விண்ணப்பித்தார்கள். அதையும் மீறிக் கூட்டம் கூடி வரவேற்றது. ஈப்போ மாநாடு, சிங்கப்பூர்க் கூட்டங்கள் என்று அந்தச் சுற்றுப்பயணம் மலாயாத் தமிழரிடையே சீர்திருத்த இயக்கத்துக்கு வேர்பிடிக்க உதவியது. சாரங்கபாணி அந்த வேரில் கிளைத்தவர்களில் ஒருவர். கடல் கடந்தால் சாதி போய்விடும் என்று சொல்லப்பட்ட நாட்டில், சாதி போகட்டும் என்று சொல்கிறவர் கப்பலேறியது செய்தியாகாமல் இருக்குமா? 1931 டிசம்பரில் பெரியார் ஐரோப்பாவுக்கும் சோவியத் நாட்டுக்கும் புறப்பட்டபோது, சென்னையில் பிரெஞ்சுக் கப்பல் ஒன்றில் ஏறினார். அந்தப் பயணத்தில் அவர் நாட்குறிப்பும் எழுதினார்.

அதே 1931 ஆகஸ்ட் 29ஆம் நாள் காந்தி பம்பாயில் ‘ராஜ்புதானா’ கப்பலில் ஏறி வட்டமேஜை மாநாட்டுக்குப் போனார். இரண்டாம் வகுப்புப் பயணம்; பெரும்பொழுதும் இரவுத் தூக்கமும் மேல்தட்டில். மகாதேவ தேசாய் ‘யங் இந்தியா’வுக்கு எழுதியனுப்பிய கடிதங்களால் அந்தக் கப்பலின் ஒவ்வொரு நாளும் நாட்டுக்குத் தெரிந்தது. பிரார்த்தனை, நூற்பு, கப்பல்காரர்களோடு பேச்சு எல்லாம் அச்சானது.

பயண எழுத்தைத் தொழிலாகவே கொண்டவர் ஏ.கே. செட்டியார். ரங்கூனில் ‘தனவணிக’னில் ஆசிரியராக இருந்து, பிறகு ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் போனவர். 1937 அக்டோபர் 2ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போய்க்கொண்டிருந்த கப்பலில்தான் காந்தியைப் பற்றி முழுநீள ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. சுருக்கமாகவும் நேராகவும் எழுதிய அவருடைய உரைநடை தமிழ்ப் பயண இலக்கியத்துக்குக் கிடைத்த பேறு.

இவர்கள் மூவரையும் நான் மதிப்போடு குறிப்பிடுகிறேன். இவர்களுக்கு எழுத ஆள் இருந்தது, அல்லது தாமே எழுத முடிந்தது என்பதையும் சேர்த்தே குறிப்பிட வேண்டும். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிய லட்சக்கணக்கானோருக்கு மகாதேவ தேசாய் இல்லை.

5. நம்முடைய கப்பல்

கப்பலுக்கு உடைமையாளர் யார் என்ற கேள்வியை வ.உ. சிதம்பரனாரின் சுதேசிக் கப்பல் கம்பெனி 1906இல் தூத்துக்குடியில் எழுப்பியது. ரூபாய் இருபத்தைந்து வீதம் நாற்பதாயிரம் பங்கு, பத்து லட்ச மூலதனம், ‘காலியா’, ‘லாவோ’ என்று இரண்டு கப்பல்; பிறகு சிறை, வீழ்ச்சி. 1919 ஏப்ரல் 5ஆம் நாள் சிந்தியா கம்பெனியின் ‘லாயல்டி’ பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டபோது அந்தக் கேள்வி மீண்டும் உயிர்பெற்றது. கடலோரக் கப்பல் போக்குவரத்தை இந்தியக் கம்பெனிகளுக்கே ஒதுக்க வேண்டும் என்று உறுப்பினர் ஹாஜி கொண்டுவந்த மசோதா 1928இல் மத்திய சட்டசபையில் விவாதிக்கப்பட்டது. வெள்ளைக் கம்பெனியையும் இந்தியக் கம்பெனியையும் ஒரே தராசில் நிறுத்திச் சம உரிமை பேசுவது அநீதி என்று 1931இல் காந்தியும் எழுதினார்.

வ.உ.சி. 1936 நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடியில் மறைந்தார். தேசிய இதழ்களுக்குக் கப்பல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது அவர் பெயர்தான். அது நியாயம். ஆனால் சுதேசிக் கப்பலைப் பற்றிய விவாதம் பங்கு, கட்டணம், சட்டம் என்ற அளவிலேயே நின்றது. கம்பெனி இந்தியருடையதானால் டெக்கில் படுத்தவருக்கு இன்னும் ஓரடி இடம் கிடைக்குமா என்ற கேள்வி பின்தங்கியது.

இதோடு சேர்ந்தே வளர்ந்தது பழங்காலக் கப்பலைப் பற்றிய பேச்சு. 1918இல் ஜார்ஜ் சேதேஸ் ஸ்ரீவிஜயப் பேரரசை அடையாளம் காட்டினார். 1930களில் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியின் ‘சோழர்கள்’ ஆங்கிலத்தில் வெளிவந்தது. ராஜேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பு படித்தவர் வீட்டுப் பேச்சானது. பூம்புகாரின் கடல் வணிகமும், ஆனைமங்கலச் செப்பேடு சொல்லும் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரமும் பெருமையோடு பேசப்பட்டன. பெருமைப்பட வேண்டிய வரலாறுதான். கடாரம் இன்றைய கெடா. ரஜூலா போய் நின்ற பினாங்குக்கு நேர் எதிர்க் கரை. ராஜேந்திரன் படை போன திசையிலேயே, ஒன்பது நூற்றாண்டு கழித்து, சோழ நாட்டு உழவர்கள் தகரப் பெட்டியோடு போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பேசும் துணிவு அன்றைய கட்டுரையாளர்களில் பலருக்கு வரவில்லை.

அந்தப் பெருமையின் விளைச்சலைப் போர்க்காலத்திலும் அதற்குப் பிறகும் பார்க்கிறோம். கல்கியின் ‘பார்த்திபன் கனவு’ நாயகன் கப்பலில் தீவாந்தரம் போகிறான். 1950இல் தொடங்கிய ‘பொன்னியின் செல்வ’னில் கோடிக்கரையும் நாகப்பட்டினமும் புயலும் மரக்கலமும் லட்சக்கணக்கான வாசகரின் மனத்தில் பதிந்தன. இன்றும் நாகப்பட்டினம் என்றால் இளைஞர்களுக்கு அந்த நாவல்தான் நினைவுக்கு வருகிறது. அவர்கள் கொள்ளுத்தாத்தா ஏறிய கப்பலின் பெயர் நினைவில் இல்லை.

6. ஓட்டியவர்கள்

கடைசியாக மாலுமி. பிரிட்டிஷ் கம்பெனிக் கப்பல்களுக்கு ஆள் எடுத்த பெரிய துறைகள் கல்கத்தாவும் பம்பாயும். தட்டிலும் கொதிகலன் அறையிலும் வேலைசெய்தவர்கள் பெரும்பாலும் கீழை வங்கத்தார், மேற்குக் கரையார், கோவாக்காரர். ஆகவே தமிழர் நிறைந்த கப்பலில் தமிழ் மாலுமி குறைவு. தமிழ்க் கடலோடியின் உலகம் பாய்க்கப்பல், தோணி, சலங்கு ஆகியவற்றில் இருந்தது: நாகூர், நாகப்பட்டினம், கடலூர், தொண்டி, தூத்துக்குடி, அக்கரையில் வல்வெட்டித்துறை.

இவர்களுடைய வாழ்க்கைக்கு இதழில் இல்லாத இடம் நாகூரில் இருந்தது. ஓட்டை விழுந்து தத்தளித்த கப்பலைக் காத்தவர் என்று ஷாகுல் ஹமீது ஆண்டவரை நம்பினார்கள் கடலோடிகள். கந்தூரியில் கப்பல் வடிவ ரதங்கள் ஊர்வலம் வருகின்றன. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாகூர் தர்கா பெயரில் நினைவிடங்கள் எழுந்தன. மரக்காயர் வீட்டுத் திண்ணைகளில் காற்று, நீரோட்டம், நட்சத்திரம் எல்லாம் பேசப்பட்டன. அந்த அறிவை யாராவது பேட்டி எடுத்து அச்சிட்டிருந்தால் இன்று அது நமக்குப் பெரும் செல்வம்.

ஒரே ஒரு பயணம் மட்டும் உலக இதழ்களில் ஏறியது. வல்வெட்டித்துறையில் 1930ஐ ஒட்டிக் கட்டப்பட்டது ‘அன்னபூரணி’. வேம்பு மரத்தில் செய்த, 89 அடி நீளமுள்ள பாய்க்கப்பல். உலகம் சுற்றிய அமெரிக்கக் கடலோடி வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அதை விலைக்கு வாங்கி, மனைவி பெயரால் ‘ஃபிளாரன்ஸ் சி. ராபின்சன்’ என்று மாற்றினார். வல்வெட்டித்துறைத் தமிழர்களே மாலுமிகள். 1937இல் புறப்பட்டு, மேற்கு நோக்கிப் பாய்விரித்து, 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறையில் போய்ச் சேர்ந்தது. வேட்டி கட்டிய மாலுமிகளை அமெரிக்க நாளிதழ்கள் படத்தோடு போட்டன. தமிழ்க் கடலோடியின் முகத்தை அச்சில் பார்க்க, கப்பல் பாஸ்டன் பக்கம் போக வேண்டியிருந்தது. அவர்கள் அட்லாண்டிக்கைக் கடந்த அனுபவத்தைத் தொடர்கட்டுரையாகக் கேட்டு வாங்கியிருக்க வேண்டிய தமிழ் ஆசிரியர்கள் சென்னையில் இருந்தார்கள். கேட்கும் எண்ணம் எழவில்லை.

ரோனாவின் முடிவையும் இங்கே சொல்ல வேண்டும். போர் வந்ததும் அது படைக்கப்பலானது. 1943 நவம்பர் 26ஆம் நாள் அல்ஜீரியக் கரையை ஒட்டி, ஜெர்மானிய விமானத்திலிருந்து ஏவப்பட்ட வழிகாட்டுக் குண்டு தாக்கி மூழ்கியது. இறந்தவர்கள் 1,100க்கும் மேல். அவர்களில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அமெரிக்கப் படைவீரர்கள். கப்பலின் ஊழியர்களிலும் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். பெரும்பாலோர் இந்திய மாலுமிகள். போர் ரகசியம் என்று நேச நாடுகள் அந்தச் செய்தியைப் பல ஆண்டுகள் முழுமையாக வெளியிடவில்லை. நாகப்பட்டினத்தில் அந்தக் கப்பலில் ஏறி இறங்கிய ஆயிரமாயிரம் குடும்பங்களுக்கு, தாங்கள் படுத்திருந்த தட்டு எந்தக் கடலடியில் கிடக்கிறது என்று தெரிய வாய்ப்பே இல்லாமல் போனது. ரஜூலா தப்பியது, அரை நூற்றாண்டுக்கு அருகில் ஓடி, 1970களில் உடைக்கப்பட்டது.

அவையோரே, இந்த ஆறு கூறுகளையும் கேட்டுவிட்டு, அன்றைய ஆசிரியர்கள்மேல் குற்றப்பத்திரிகை படித்ததாக நினைக்க வேண்டாம். குறைந்த காகிதம், ஓயாத தணிக்கை, கட்ட முடியாத ஜாமீன் தொகை ஆகியவற்றுக்கு நடுவே அவர்கள் நடத்திய இதழ்களால்தான் நமக்கு இவ்வளவாவது தெரிகிறது. அவர்கள் விட்ட இடத்தை நிரப்பும் வாய்ப்பு நமக்கு இன்னும் முழுவதும் போய்விடவில்லை. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய தமிழ் இதழ்கள் பாதுகாக்கப்படுகின்றன. சிங்கப்பூர் தேசிய நூலகம் ‘தமிழ் முரசு’ உள்ளிட்ட பழைய நாளிதழ்களை மின்வடிவில் தருகிறது. கப்பல் வந்த நாள், புறப்பட்ட நாள் எல்லாம் அவற்றில் கிடைக்கும். கப்பலுக்குள் நடந்ததோ உங்கள் வீடுகளில்தான் இருக்கிறது.

நாகப்பட்டினம், நாகூர், திருவாரூர், மன்னார்குடி, பட்டுக்கோட்டை வட்டாரங்களில் பரணில் கிடக்கும் தகரப் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். பழைய பாஸ்போர்ட், அம்மை குத்திய சான்று, பயணச்சீட்டின் அடிக்கட்டை, பினாங்கு முத்திரை குத்திய கடிதம், எதுவானாலும் எறிந்துவிடாதீர்கள். எண்பது தொண்ணூறு வயதில், குழந்தையாக ரஜூலாவில் வந்தவர்கள் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். மாணவர்கள் இந்த விடுமுறையிலேயே அவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்டு, பேசுவதை அப்படியே பதிவுசெய்யுங்கள். பதிவையும் தாள்களின் படத்தையும் இந்தப் பல்கலைக்கழக நூலகத்தில் கொடுங்கள். மூலத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். படி மட்டும் போதும்.